பழைய நெட்புக்குக்கு எந்த லினக்ஸ்? கோலாலம்பூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூல் ஃபிளாட் ஆனாலும் சரி, பழைய கிள்ளான் சாலைத் தாமான் ஆனாலும் சரி, அலமாரியின் மேல்தட்டில் ஒரு நெட்புக் கிடக்கும் வீடுகள் கோலாலம்பூரில் நிறைய. சிலருக்கு அது அரசாங்கம் வசதி குறைந்த மாணவர்களுக்குக் கொடுத்த 1மலேசியா நெட்புக். சிலருக்கு லோ யாட் பிளாசாவில் பேரம் பேசி வாங்கிய ஏசர் ஆஸ்பயர் ஒன், ஆசுஸ் ஈ பிசி அல்லது எச்பி மினி. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: பத்து அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் பிராசசர், 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. அந்த விண்டோஸோடு இன்று இணையத்துக்குப் போகக் கூடாது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அது இந்தப் பெட்டிகளுக்குப் புதிதல்ல. 2007இல் வந்த ஈ பிசி 701 சாண்ட்ரோஸ் லினக்ஸோடுதான் விற்பனைக்கு வந்தது. 2008இல் ஆஸ்பயர் ஒன் லின்பஸ் லினக்ஸோடும் கிடைத்தது. ஆனால் அப்போது எந்த டிஸ்ட்ரோவை (லினக்ஸின் ஒரு தொகுப்பை) போட்டாலும் ஓடியது. இப்போது அப்படி இல்லை. பெரிய டிஸ்ட்ரோக்கள் 32-பிட் கணினிகளை (இன்றைய 64-பிட் வகைக்கு முந்தைய பிராசசர் கொண்டவற்றை) ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. "பத்து இலேசான லினக்ஸ்கள்" என்று சுற்றும் பட்டியல்களில் பாதி இன்று உங்கள் பெட்டியில் பூட் கூட ஆகாது.

அதனால் தேர்வைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். பிராசசரும் ரேமும் பெரும்பாலான முடிவுகளை உங்களுக்காக எடுத்துவிடும். டெஸ்க்டாப்பின் அழகு கடைசியில் வரட்டும்.

படி 1: பிராசசர் எது என்று பாருங்கள்

நெட்புக்கைத் திருப்பினால் அடியில் மாடல் எண் இருக்கும். உள்ளங்கை வைக்கும் இடத்தில் இன்டெல் ஸ்டிக்கரும் இருக்கலாம், ஆனால் அதில் ஆட்டம் என்று மட்டும்தான் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது முழு எண். விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் பக்கத்தில் தெரியும். திறக்கவில்லை என்றால் கவலை இல்லை. பின்னால் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் குச்சி) போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

என்270, என்280, இசட்520, இசட்530 ஆகியவை 32-பிட் மட்டும். 2008, 2009 காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். ஈ பிசி 701இல் இருக்கும் செலரான் எம் பிராசசரும் 32-பிட்தான்.

2010இல் வந்த என்450, அதன் பிறகு வந்த என்455, என்550, என்570 ஆகியவை 64-பிட். ஸ்டிக்கரில் "1 ஜிபி, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்" என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது விண்டோஸ் பற்றிய தகவல், பிராசசர் பற்றியது அல்ல. 64-பிட் பிராசசரை வைத்துக்கொண்டு 32-பிட் லினக்ஸ் தேடி அலைபவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

என்2600, என்2800 கொஞ்சம் சிக்கலானவை. பிராசசர் 64-பிட்தான், ஆனால் சில தயாரிப்பாளர்கள் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) அதை 32-பிட்டோடு அடைத்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இவற்றிலும் இசட்520, இசட்530 பெட்டிகளிலும் உள்ள கிராஃபிக்ஸ் பகுதி இன்டெலின் சொந்த வடிவமைப்பு அல்ல. பவர்விஆர் என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் டிரைவர் திரையை ஒளிர வைக்கும், அவ்வளவுதான். 3டி வேகம் கிடைக்காது. இந்தப் பெட்டிகளில் நிழல், மங்கல், அசைவு என்று அலங்காரம் செய்யும் டெஸ்க்டாப் எதையும் போடாதீர்கள்.

லினக்ஸ் ஏதாவது ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது என்றால் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து எல்எஸ்சிபியு என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். மேலே இரண்டாவது மூன்றாவது வரியிலேயே பிராசசர் 32-பிட் மட்டுமா, 64-பிட்டும் உண்டா என்று சொல்லிவிடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2018இல் உலகையே கலக்கிய மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் 2013க்கு முந்தைய ஆட்டம் பிராசசர்களைத் தொடவில்லை. அவை கட்டளைகளை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் செய்யும் எளிய வடிவமைப்பு கொண்டவை என்பதே காரணம். வேகம் குறைவுக்கும் அதுதான் காரணம்.

படி 2: ரேமும் டிஸ்க்கும்

டிஸ்ட்ரோ தேடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். 1 ஜிபி ரேமுக்கும் 2 ஜிபி ரேமுக்கும் உள்ள வித்தியாசம், எந்த இரண்டு டிஸ்ட்ரோக்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

என்270, என்450 பெட்டிகள் டிடிஆர்2 லேப்டாப் ரேம் எடுக்கும். என்455, என்550 போன்றவை டிடிஆர்3. பெரும்பாலான நெட்புக்குகளின் உச்சவரம்பு 2 ஜிபி, அதுவும் ஒரே ஸ்லாட்டில். 4 ஜிபி குச்சி வாங்கிப் போட்டால் பல பெட்டிகள் எழுந்திருக்கவே மாட்டா. பழைய ஆஸ்பயர் ஒன் மாடல்களில் 512 எம்பி போர்டிலேயே ஒட்டியிருக்கும். அவற்றில் 1 ஜிபி குச்சி சேர்த்து 1.5 ஜிபி வரைதான் போக முடியும். அந்த மாடல்களைத் திறக்க விசைப்பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும். கை பழகாதவர்கள் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

லோ யாட்டின் மேல்மாடிகளில் பழுதுபார்க்கும் சிறு கடைகளில் "ரேம் லேப்டாப் டிடிஆர்2, 2 ஜிபி, அடா (இருக்கிறதா)?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய குச்சிகளை டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். நெட்புக்கையும் கையோடு எடுத்துப் போய், அங்கேயே மாட்டி, பயாஸ் திரையில் 2048 எம்பி என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குக் கொம்தார் பக்கத்துக் கணினிக் கடைகள். இணையத்தில் வாங்குவதென்றால் லேப்டாப் ரேமா, மேசைக் கணினி ரேமா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

உள்ளே சுழலும் 160 அல்லது 250 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை 120 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றுவது அடுத்த பெரிய முன்னேற்றம். நெட்புக்கின் சாட்டா இணைப்பு பழையது, எஸ்எஸ்டியின் முழு வேகத்தை எட்டாது. பரவாயில்லை, விலை குறைந்ததே போதும். ஆனால் ஈ பிசி 701இன் 4 ஜிபி, ஆஸ்பயர் ஒன்னின் 8 ஜிபி என்று ஆரம்பகால ஃபிளாஷ் சேமிப்போடு வந்த பெட்டிகளை எளிதாக மாற்ற முடியாது. அவற்றில் எழுதும் வேகம் மிகக் குறைவு. அவற்றுக்குச் சின்ன டிஸ்ட்ரோதான் கதி.

பாட்டரியையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பாட்டரி உப்பியிருந்தால் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள். உப்பிய பாட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது.

படி 3: யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தட்டச்சுப் பழக, கட்டுரை எழுத. அப்பா கடைக் கணக்கை விரிதாளில் வைக்க. பாட்டி பாட்டுக் கேட்க. கோயில் நிகழ்ச்சிப் பட்டியல் அச்சடிக்க. இவற்றுக்கெல்லாம் 1 ஜிபி ரேம் உள்ள 32-பிட் நெட்புக்கே தாராளம்.

கூகுள் கிளாஸ்ரூம், தமிழ் நாளிதழ் வலைத்தளங்கள், மின்னஞ்சல் என்றால் 2 ஜிபி வேண்டும், பொறுமையும் கொஞ்சம் வேண்டும். கூகுள் மீட், சூம் போன்ற காணொளி வகுப்பு என்றால் ஆட்டம் நெட்புக்கை நம்பாதீர்கள். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் முடியாது. அந்த வேலைக்குக் கைப்பேசியே மேல். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

படி 4: டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பது

இப்போது உங்கள் கையில் மூன்று தகவல்கள் இருக்கின்றன: எத்தனை பிட், எவ்வளவு ரேம், என்ன வேலை.

முதலில் 32-பிட் பெட்டிகள். நிலவரம் கொஞ்சம் கடினம். உபுண்டு 17.10லேயே 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. நெட்புக்குக்கு எல்லோரும் பரிந்துரைத்த லுபுண்டு 18.10க்குப் பிறகு 32-பிட்டில் வரவில்லை. ஆர்ச் 2017இல் விட்டது. எல்லோருக்கும் கடைசிப் புகலிடமாக இருந்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் கணினிகளுக்கு நிறுவியோ கெர்னலோ தருவதில்லை. எம்எக்ஸ் லினக்ஸின் 25ஆம் பதிப்பும் 64-பிட் மட்டும்.

ஆகவே 32-பிட் பெட்டிக்கு இன்று நம்பத்தக்க அடித்தளம் டெபியன் 12. அதன் நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் 30 வரை. அந்த அடித்தளத்தின்மேல் நிற்கும் டிஸ்ட்ரோக்களில் என் முதல் பரிந்துரை ஆண்டிஎக்ஸ் 23, 32-பிட் முழுப் பதிப்பு.

ஏன் ஆண்டிஎக்ஸ்? இது பழைய கணினிகளுக்காகவே கட்டப்பட்டது. பல டிஸ்ட்ரோக்களில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இதில் இல்லை. ஐஸ்டபிள்யூஎம் என்ற மிகச் சிறிய சாளர மேலாளரோடு வருகிறது. பூட் ஆகி நிற்கும்போது சுமார் 200 எம்பிக்கு அருகில்தான் ரேம் எடுக்கும். லிபர் ஆஃபீஸ், உலாவி, பாட்டுக் கருவி எல்லாம் முழுப் பதிப்பிலேயே இருக்கும். முக்கியமாக, தொந்தரவான வைஃபை சில்லுகளுக்கான டிரைவர்களையும் சேர்த்தே தருகிறது. குறை என்றால் தோற்றம். மெனுக்கள் நெரிசலாக இருக்கும், ஒரே வேலைக்கு மூன்று கருவிகள் இருக்கும். புதியவருக்கு முதல் வாரம் தலை சுற்றும். அப்புறம் பழகிவிடும்.

ஆண்டிஎக்ஸின் தோற்றம் வேண்டாம் என்பவர்கள் டெபியன் 12ஐயே எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்போடு போடலாம். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழகிய முகம் வேண்டும் என்றால் டிரினிட்டி டெஸ்க்டாப்போடு வரும் கியூ4ஓஎஸ். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்; ஸ்டார்ட் பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

512 எம்பி ரேம், 4 ஜிபி டிஸ்க் என்றால் பப்பி லினக்ஸ். டெபியன் 12இன் மென்பொருள் பொதிகளால் கட்டிய புக்வோர்ம்பப் 32-பிட் பதிப்பைத் தேடுங்கள். பப்பி பூட் ஆகும்போதே தன்னை ரேமில் ஏற்றிக்கொள்கிறது. அதனால் மெதுவான பழைய ஃபிளாஷ் சேமிப்பின் தடை பெரிதாகத் தெரியாது. ஆனால் பயனர் எப்போதும் ரூட் உரிமையோடு, அதாவது எதையும் மாற்றக்கூடிய நிர்வாகியாக, இருப்பது அதன் மரபு. பிள்ளைகள் கைக்குக் கொடுக்கும் கணினியில் எனக்கு அது பிடிக்காது.

டைனி கோர், ஆல்பைன், வாய்ட் ஆகியவற்றிலும் 32-பிட் உண்டு. அருமையான டிஸ்ட்ரோக்கள், ஆனால் முதல் முறை லினக்ஸ் போடுபவருக்கு வேண்டாம்.

32-பிட் பெட்டியில் டிஸ்ட்ரோவைவிடப் பெரிய பிரச்சினை உலாவி. கூகுள் குரோம் 2016லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. நீண்டகாலப் பதிப்பான இஎஸ்ஆர் 140ஐ 32-பிட்டில் 2026 செப்டம்பர் வரையாவது தருவதாக மொசில்லா அறிவித்தது. எனவே 32-பிட் நெட்புக்கில் வங்கிக் கணக்கைத் திறக்கும் திட்டம் வேண்டாம். அதை எழுதும், படிக்கும், கேட்கும் பெட்டியாக நினைத்து அமைத்தால் இன்னும் பல காலம் உழைக்கும்.

அடுத்து 64-பிட் பெட்டிகள். 2 ஜிபி ரேமோடு என்450, என்570 வகை என்றால் எம்எக்ஸ் லினக்ஸின் ஃபிளக்ஸ்பாக்ஸ் பதிப்பு, அல்லது டெபியன் 13 எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு. டெபியன் 13க்கு 2030 ஜூன் வரை ஆதரவு ஓடும். எக்ஸ்எஃப்சிஇ சுமார் 400, 500 எம்பி ரேம் எடுக்கும், ஆனால் சின்னத் திரைக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

64-பிட் பிராசசர், ஆனால் 1 ஜிபி ரேம்தான் என்றால்? 32-பிட் லினக்ஸ் ரேமைக் கொஞ்சம் குறைவாக எடுக்கும் என்பது உண்மைதான். முன்பு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது நிலைமை வேறு. புதிய ஃபயர்பாக்ஸ் 64-பிட்டில் மட்டும்தான். 2 ஜிபி குச்சி வாங்கிப் போட்டு 64-பிட்டே நிறுவுங்கள். அதுவரை ஆண்டிஎக்ஸ் 64-பிட் பதிப்பை ஓட்டலாம்.

உபுண்டு, ஃபெடோராவின் முதன்மைப் பதிப்புகள் வேண்டாம். குனோம் டெஸ்க்டாப் மட்டுமே 1 ஜிபிக்கு மேல் கேட்கும். உபுண்டுவில் 21.10 முதல் ஃபயர்பாக்ஸ், தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துச் சுமக்கும் ஸ்னாப் பொதியாக வருவதால் ஆட்டம் பெட்டியில் திறப்பதற்கே நேரம் பிடிக்கும்.

சமீபத்திய 11.6 அங்குலச் சிறு லேப்டாப்புகள், செலரான் என்4000 வகை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு உள்ளவை என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். ஒரே எச்சரிக்கை, 2014, 2015 காலத்து ஆட்டம் இசட்3735எஃப் போட்ட மலிவு டூ-இன்-ஒன் பெட்டிகளுக்கு. அவற்றில் பிராசசர் 64-பிட், யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க நிரல்) மட்டும் 32-பிட். பல டிஸ்ட்ரோக்கள் அங்கே பூட் ஆகாமல் நிற்கும். டெபியன் நிறுவி ஆகும்.

படி 5: யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் சோதித்துப் பாருங்கள்

8 ஜிபி யுஎஸ்பி குச்சி போதும். விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு டிஸ்ட்ரோ தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை எழுதுங்கள். ரூஃபஸில் எம்பிஆர் (பழைய டிஸ்க் பிரிப்பு முறை), பயாஸ் என்று தேர்வு செய்ய வேண்டும். பழைய நெட்புக்குகளுக்கு யூஇஎஃப்ஐ கிடையாது. இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களை ஒப்பிட விரும்பினால் வென்டாய் சிறந்தது. குச்சியில் அதை ஒருமுறை நிறுவிவிட்டு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும், பூட் ஆகும்போது பட்டியல் காட்டும்.

ஈ பிசியில் ஆன் செய்தவுடன் எஸ்கேப், எச்பி மினியில் எஃப்9, எம்எஸ்ஐ விண்டில் எஃப்11. ஏசரில் எஃப்12, ஆனால் அது வேலை செய்ய முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் பூட் மெனுவை இயக்கிவிட வேண்டும். ஆண்டிஎக்ஸ் லைவில் கடவுச்சொல் கேட்டால் சாதாரணப் பயனருக்கு டெமோ, நிர்வாகிக்கு ரூட். இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்.

லைவாக ஓடும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் கிடந்த பெட்டியில் மதர்போர்டின் வட்ட பாட்டரி செத்திருக்கும், தேதி 2009 என்றோ 2010 என்றோ காட்டும். தேதி தவறாக இருந்தால் எந்த வலைத்தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று சொல்லித் திறக்காது, பொதிகளும் இறங்காது. ஆட்கள் இதை டிஸ்ட்ரோவின் கோளாறு என்று நினைத்து வேறொன்றுக்கு ஓடுகிறார்கள். தேதியைச் சரிசெய்துவிட்டு, பிறகு கடையில் சிஆர்2032 பாட்டரி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைஃபை. இதில்தான் அதிக நேரம் போகும், எனவே விரிவாகச் சொல்கிறேன். ஏத்தெரோஸ் சில்லு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உடனே வேலை செய்யும். பிராட்காம் இருந்தால் தனி ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல்) அல்லது டிரைவர் வேண்டும். ஆண்டிஎக்ஸிலும் எம்எக்ஸிலும் அதற்கு ஏற்பாடு உண்டு. டெபியன் 12 முதல் நிறுவியிலேயே பல ஃபர்ம்வேர்கள் சேர்ந்துவிட்டன, இருந்தாலும் பழைய பிராட்காம் சில்லுகளுக்கானதைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும்.

வைஃபை கருவி சரியாக இருந்தும் உங்கள் வீட்டு யுனிஃபை இணைய இணைப்பின் பெயரே பட்டியலில் தெரியாமல் போகலாம். அந்தக் காலத்து நெட்புக் வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினாலோ, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலோ நெட்புக்கால் சேர முடியாது. ரவுட்டர் அமைப்பில் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து டபிள்யூபிஏ2 வைத்தால் தீர்ந்தது.

அதுவரை இணையம் வேண்டுமே என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வயரால் நெட்புக்கில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். எந்த டிரைவரும் இல்லாமல் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் பிரீபெய்டு டேட்டாவும் செலவாகாது.

பிறகு ஒலி, திரை வெளிச்சம், மூடி திறந்தால் எழுந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். எழுந்திருக்கவில்லை என்றால் கெர்னல் வேறுபாடாக இருக்கலாம்; அடுத்த டிஸ்ட்ரோவை முயலுங்கள். லைவ் சோதனையின் பயனே அதுதான்.

படி 6: நிறுவுதல்

முதலில் பழைய விண்டோஸில் உள்ள படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 2010ஐ ஒட்டிய குடும்பப் படங்கள் பலருக்கு இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கின்றன. விண்டோஸ் திறக்காவிட்டாலும் லைவ் லினக்ஸிலிருந்தே எடுத்துவிடலாம்.

நிறுவும்போது முழு டிஸ்க்கையும் கொடுத்துவிடுங்கள். எம்பிஆர் பிரிவு, ஒரே ஒரு இஎக்ஸ்டி4 பகுதி போதும். டிஸ்க் மறையாக்கம் வேண்டாம். இந்த ஆட்டம் பிராசசர்களில் அதற்கான வன்பொருள் வசதி இல்லாததால் எல்லாம் மந்தமாகிவிடும்.

டெபியன் நிறுவியில் கிராஃபிக்கல் முறையைத் தேர்ந்தால் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கும். தமிழைத் தேர்ந்தால் நாட்டுப் பட்டியலில் மலேசியா முதலில் வராது. மற்றவை என்பதைத் தட்டி, ஆசியா, பிறகு மலேசியா. நேர வலயம் கோலாலம்பூராக அமைந்துவிடும். மொழி அமைப்பாகத் தமிழ்-இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்-மலேசியா என்று தனியாக ஒன்று இல்லை. விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலம்.

படி 7: நிறுவிய பிறகு

தமிழ் எழுத்துரு: நோட்டோ அல்லது லோகித் தமிழ் பொதியை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ், அதனோடு எம்17என் பொதி. தமிழ்99, ஒலியியல் (ஆங்கில எழுத்தொலியில் தட்டுவது) ஆகிய இரண்டு விசை முறைகளும் அதில் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருள் நம் நாட்டில் பிறந்தது, இங்கே பலருடைய விரல்களும் அஞ்சல் முறைக்குப் பழகியவை. அவர்களுக்கு ஒலியியல் முறை நெருக்கமாக இருக்கும். பள்ளிப் பிள்ளைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதென்றால் தமிழ்99 நல்லது. விசை அழுத்தங்கள் குறையும். ஐஸ்டபிள்யூஎம் போன்ற சிறு மேலாளர்களில் ஐபஸ் தானாகத் தொடங்காது. ஐஎம்-கான்ஃபிக் கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

திரை: 1024க்கு 600 புள்ளிகள். அகலம் போதும், உயரம் போதாது. பல அமைப்புப் பெட்டிகளின் ஓகே பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தையும் பிடித்து மேலே இழுக்கலாம். எக்ஸ்எஃப்சிஇயில் பேனலை இடது ஓரத்துக்கு நிமிர்த்தி வைக்கும் டெஸ்க்பார் முறை இருக்கிறது. உயரம் முழுவதும் உங்களுக்கே கிடைக்கும். எழுத்துருவை 9 புள்ளிக்குக் குறைத்து, உலாவியில் 80 சதவீதம் வைத்தால் தமிழ் நாளிதழ்ப் பக்கங்கள் சௌகரியமாகத் தெரியும்.

ரேம்: இசட்ரேம் கருவியை நிறுவுங்கள். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப்பாக (ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் கூடுதல் இடமாக) பயன்படுத்தும். டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதி. ரேமில் பாதியை ஒதுக்கினால் போதும். 1 ஜிபி பெட்டியில் இரண்டாவது டேப் திறக்கும்போது இதன் பலன் தெரியும்.

உலாவி: ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆரில் விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினைப் போடாமல் நெட்புக்கில் உலாவாதீர்கள். விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும்தான் ஆட்டமின் மூச்சை அடைக்கின்றன. படிப்பதற்கு மட்டும் என்றால் நெட்சர்ஃப், டில்லோ ஆகியவை கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் உள்ள தளங்கள் அவற்றில் வராது.

காணொளி: யூடியூப் பொதுவாக அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைப் பிரிக்க இந்தப் பிராசசர்கள் திணறும். எம்பிவி காணொளி இயக்கியோடு, யூடியூபிலிருந்து காணொளியை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி கருவியைச் சேர்த்து, எச்264 வடிவில் 360பி மட்டும் எடுக்கும்படி அமைத்தால் சாதாரண ஆட்டமிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். பத்து அங்குலத் திரையில் 360பி கண்ணுக்குக் குறையாகவும் தெரியாது. டெபியன் களஞ்சியத்தில் உள்ள ஒய்டி-டிஎல்பி சீக்கிரம் பழசாகிவிடும்; அதை உருவாக்குபவர்களிடமிருந்தே நேரடியாக இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வாரம் ஒருமுறை போட்டுவிடுங்கள். 32-பிட் பெட்டியில் டெபியன் 12இன் ஆதரவு 2028 ஜூனில் முடியும்போது, இணைய இணைப்பை எடுத்துவிட்டு லிபர் ஆஃபீஸ், தமிழ்த் தட்டச்சு, எம்பிவி மூன்றையும் வைத்துக்கொண்டு அதைத் தனியாக ஓட்டலாம். 64-பிட் பெட்டியில் டெபியன் 13 போட்டிருந்தால் அந்த முடிவை எடுக்க 2030 வரை நேரம் இருக்கிறது.